எட்டு, ஒன்பது, பத்து

“சார், கோளாறு ஷூவுல இல்லை. உங்க கால்லதான்.”

வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதமான பெண் பட்டென்று இப்படிச் சொன்னதும், கல்லாவில் இருந்த கடை முதலாளிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். பல வருட வாடிக்கை. வருடத்துக்கு ஒரு ஜோடி, ஒரே கம்பெனி, ஒரே மாடல். போன வருடம் வாங்கியது விரலை நசுக்குகிறது என்று காலோடு போட்டுக்கொண்டே வந்திருந்தார்.

முதலாளி எழுந்து ஓடி வந்தார்.

“அது ஒண்ணுமில்லை மாஸ்டர். இப்பல்லாம் கம்பெனிக்காரன் அளவைச் சின்னதாப் போடுறான். எல்லாரும் இதே குறைதான் சொல்றாங்க. பதினொண்ணு எடுத்துப் போடும்மா.”

அந்தப் பெண் நகரவில்லை. வாடிக்கையாளர்களின் அளவு குறித்து வைக்கும் அட்டைகளில் மாஸ்டருடையதைத் தேடி எடுத்தாள்.

“எட்டு, ஒன்பது, பத்து. இப்போ பதினொண்ணு. நாப்பது வயசுக்கு மேல யாருக்காவது கால் வளருமா சார்?”

“வளர்ந்தா நல்லதுதானேம்மா, உயரமும் கூடுதான்னு பாரு,” என்று மாஸ்டர் சிரிக்கப் பார்த்தார்.

“மோதிரம் இறுகுதா சார்?”

“அதை அறுத்துத்தான் எடுத்தேன். உடம்பு கொஞ்சம் பூசிடுச்சு.”

“குறட்டை உண்டா? முன்பல் நடுவுல சந்து விழுந்திருக்கே, முன்னாடியே இருந்ததா? மூக்குகூட...”

“போதும் நிறுத்து!” மாஸ்டர் எழுந்துவிட்டார். பக்கத்தில் செருப்புப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு குடும்பமும் இப்போது அவரைப் பார்த்தன. “இது ஷூ கடையா, மாட்டுச் சந்தையா? பல்லைப் பிடிச்சுப் பாக்குறா!”

பழைய ஷூவின் பின்பக்கத்தை மிதித்தபடியே விறுவிறுவென்று வெளியேறினார். அவள் வாசல்வரை ஓடினாள்.

“சார், ஹார்மோன் டாக்டரைப் பாருங்க! தள்ளிப் போடாதீங்க!”

தெருவே திரும்பிப் பார்த்தது. முதலாளிக்கு மானம் போயிற்று.

“உனக்கு வாயா அது? நீ என்ன டாக்டரா?”

“இல்லை முதலாளி, அதான் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். எங்க அம்மாவுக்குத் தைராய்டு. மாசாமாசம் அவங்களோட ஆஸ்பத்திரி வரிசையில நிக்கிறேன். அங்கே ஒருத்தருக்கு இப்படித்தான் கை, கால், மூக்கு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாப் பெருசாச்சு. வயசாகுதுன்னு விட்டுட்டாராம். வந்து சேர்றதுக்குள்ள ரொம்பத் தாமதம்.”

முதலாளி அவள் கையிலிருந்த அட்டையை வாங்கி உள்ளே வைக்கப் போனார்.

“இந்த அட்டை முழுக்க உங்க கையெழுத்துதானே? உங்களுக்கு எதுவும் தோணலையா?”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“தோணாம என்ன? ரெண்டு வருஷமாவே எனக்கு உறுத்தல்தான். அதுக்காக வாங்க வந்த மனுஷன்கிட்ட உனக்கு வியாதின்னு சொல்லவா? அப்புறம் எவன் இந்தப் படி ஏறுவான்? மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். மாஸ்டர் திரும்பி வரலைன்னா நீயும் வர வேண்டாம்.”

அவள் அம்மாவின் மாத்திரைச் செலவு இந்த வேலையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்ப்பதை முதலாளி கவனித்தார். கவனிக்காத மாதிரியும் இருந்துகொண்டார்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மாஸ்டர் வந்தார். காலில் ரப்பர் செருப்பு.

“அந்தப் பொண்ணு எங்கே அண்ணே?”

“மன்னிச்சுக்குங்க மாஸ்டர். மாசம் முடிஞ்சதும் அவளை நிறுத்திடறேன்.”

“ஐயய்யோ, அந்தப் பாவத்தைப் பண்ணிடாதீங்க!”

ஏணியில் நின்று டப்பா அடுக்கிக்கொண்டிருந்தவள் இறங்கி வந்தாள்.

“அன்னைக்குக் கோவம்தான் வந்துச்சும்மா. வீட்டுல போய்க் குதிச்சேன். ‘குறட்டை தாங்காம நான் அடுத்த ரூமுக்குப் போயே ரெண்டு வருஷமாச்சு, அது அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரிஞ்சுது?’ன்னு என் வீட்டுக்காரி கேட்டா. அப்பத்தான் பயம் பிடிச்சுது. மூளைக்கு அடியில பட்டாணி மாதிரி ஒரு சுரப்பியாம். அதுல கட்டி. வளர்ச்சி ஹார்மோனை அளவில்லாமக் கொட்டுதாம். அடுத்த வாரம் ஆபரேஷன்.”

“சரியாயிடுமா சார்?”

“ஆயிடும்ங்கிறாங்க. கட்டி நரம்பை அழுத்தினதுல கண்ணுலதான் ரெண்டு ஓரமும் மங்கியிருக்கு. பசங்க வேணும்னே வந்து மோதுறாங்கன்னு எத்தனை பேரை வெயில்ல நிக்க வச்சிருக்கேன்! ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருந்தா கண்ணுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதாம்.”

முதலாளி கையிலிருந்த டப்பாவைத் திறந்தார். மூடினார்.

மாஸ்டர் அவர் பக்கம் திரும்பினார்.

“டாக்டர் என்ன கேட்டார் தெரியுமா அண்ணே? ‘வருஷா வருஷம் பெரிய நம்பரா எடுத்துக் கொடுத்த கடைக்காரருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?’னு. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. ‘அவரைப் பத்தி அப்படிச் சொல்லாதீங்க, என் மேல உயிரையே வச்சிருக்கிற மனுஷன்’னு சண்டை போட்டுட்டு வந்தேன்.” பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். “நான் சொன்னது சரிதானேம்மா?”

முதலாளியும் அவளையே பார்த்தார். அவள் எதையும் மறைத்துப் பேசத் தெரியாதவள்.

“சரிதான் சார்,” என்றாள் அவள். “முதலாளிக்குத் தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட சொல்லாம இருந்திருப்பாரா?”