உறவு கட்டிய பாதி
குவாம் தீவில், இனலாஹான் ஊர் வீட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர்: பெரியவர் இக்னாசியோ, மனைவி கார்மென், வருமான வரிக் கணக்கு எழுதித் தரும் தங்கை மகள் பெர்னதீத்தா. கடலின் வெளிச்சம் ரசீதுகள்மேல் அசைகிறது. மணிலாவில் கார்மெனுக்கு நடந்த இருதய அறுவை சிகிச்சைக்கு இக்னாசியோ கட்டியது பாதி. மீதியை ஆஸ்பத்திரியில் நேராகக் கட்டியவர்கள் சொந்தக்காரர்கள். "முழுசையும் உங்க மருத்துவச் செலவாப் போட்டுடறேன் மாமா, வரி நிறையத் திரும்பும். யாரு கேக்கப் போறா?" "நான் கேப்பேன். நாளைக்கு அவங்க வீட்டுல ஒண்ணுன்னா நான் திருப்பிச் செய்யவேண்டிய முறை அது. என் செலவுன்னு காட்டவா?" "விடுடி, இல்லேன்னா என் நெஞ்சுலயும் பாதி அவங்களுதும்பாரு" என்று கார்மென் சிரிக்கிறாள். அவர் சிரிக்கவில்லை. நிமிர்ந்த முதுகோடு உறவினரின் ரசீதுகளைப் பிரித்தெடுத்து, ஓரம் தட்டி, பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடுகிறார். வரிக் கணக்கில் பாதிச் செலவே ஏறியதால், கிழவர் பாதி ரசீதைத் தொலைத்துவிட்டார் என்று ஊரில் பேச்சு. ஒன்றுகூடத் தொலையவில்லை.