ஸ்ரீமதி ஜீப்பில் வெந்நீர்

கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாச் சொல்லக்கூடிய கதை இல்லை இது.

தென்காசி காந்திமதிநாதன் அண்ணாச்சியோட மருமக ஸ்ரீமதி, தன் ஜீப்புல வெந்நீர் ஷவர் வைக்கப் போறாள்னு தெரிஞ்சதும் வீடே சிரிச்சுது.

"குற்றாலத்துல கூடாரம் போடப் போற வண்டிக்கு வெந்நீரா?" அண்ணாச்சியோட தம்பி நெல்லையப்பன் கேட்டார். "ஊர் உலகமெல்லாம் பஸ் ஏறி வந்து அருவியில நிக்குது. நம்ம மருமகளுக்குப் பச்சைத் தண்ணி ஆகாதாம்!"

அண்ணாச்சி அதுக்கும் மேலே போனார்.

"சாரல்ல வெந்நீர் கேக்கிறவ என் வீட்டுல இருக்காள்னு வெளிய சொல்லிராதீங்கப்பா. மானம் போயிரும்."

ஸ்ரீமதி வண்டியை எடுத்துக்கிட்டுச் செங்கோட்டை ரோட்டுல இருக்கிற பாரூக் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிட்டா.

பின் சீட்டைக் கழட்டிட்டு அங்கே தண்ணி டேங்க். ஓடுற என்ஜின் சூட்டுலயே தண்ணி காயும்படி ஒரு பெட்டி. சின்ன மோட்டார். பக்கவாட்டுல இழுத்து மறைச்சுக்க ஒரு படுதா. எல்லாம் பாரூக் சொன்னபடிதான். ஷவர் மாட்டுற உசரத்துலதான் சண்டை.

"யக்கா, இம்புட்டு உசரத்துலயா? கை நீட்டினாலும் உங்களுக்கு எட்டாதே."

"தண்ணி தலையில விழுந்தாச் சரி. நான் என்ன எட்டிப் பிடிக்கவா போறேன்?"

"சூடு எம்புட்டு?"

"வெதுவெதுன்னு இருக்கட்டும். கொதிச்சிரக்கூடாது."

அந்த வீட்டுல ஒரு வழக்கம் உண்டு. சாரல் விழுந்ததும் ஐந்தருவி போற வழியில ஒரு தோப்புல குடும்பமே கூடாரம் போட்டுத் தங்கும். வீட்டுப் பெரியவர் தலைநிறைய எண்ணெய் வச்சுக்கிட்டு முதல் ஆளா அருவிக்குப் போகணும். நனைஞ்சு வந்து, ஈரக் கையால எல்லார் உச்சியிலயும் எண்ணெய் வைக்கணும். அதுவரைக்கும் கைப்பிள்ளை கூடத் தண்ணியில காலை வைக்காது. பெரியவருக்கு முடியலைன்னா அந்த உரிமை தம்பிக்குப் போயிரும். போனா, திரும்பாது.

இந்தத் தடவை அண்ணாச்சி எண்ணெய்த் தலையோட உட்கார்ந்தே இருந்தார்.

"கூட்டம் குறையட்டும்."

"இன்னும் விடியவே இல்லை, அதுக்குள்ள என்ன கூட்டம்?" நெல்லையப்பன் விடலை. "முடியலைன்னா சொல்லு அண்ணாச்சி. நான் போயிட்டு வாரேன்."

"ஏலே, நான் என்ன செத்தா போயிட்டேன்?"

விசுக்குன்னு எந்திரிச்சார். அவர் சம்சாரம் குழல்வாய்மொழி என்னமோ சொல்ல வாயெடுத்து, அவர் முறைச்சதும் மூடிக்கிட்டா.

ஸ்ரீமதி ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினா.

"ஏறுங்க மாமா. அருவி வரைக்கும் கொண்டு விடுதேன்."

"அப்ப நானும் வாரேன்"னு நெல்லையப்பன் கிளம்பினார்.

"பின்னால சீட்டு இல்லையே சின்ன மாமா. டேங்க்தான் இருக்கு."

"அது சரி, வெந்நீர் மகாராணி வண்டில்லா!"

ஜீப் போச்சு. ஆனா அருவிக்குப் போகலை. அதுக்கு முன்னாலயே ஒரு மண் தடத்துல இறங்கி, ஓடைக்கரையில புதர் மறைவுல நின்னுது. ஸ்ரீமதி என்ஜினை அணைக்கலை. இறங்கிப் படுதாவை இழுத்துவிட்டா.

"ஏட்டி, அருவி அங்கனல்லா இருக்கு. இங்கன எதுக்கு நிப்பாட்டுதே?"

"நெஞ்சு தாங்காது, அருவிப் பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா மாமா?"

அண்ணாச்சி முகம் செத்துப் போச்சு.

"குழலு சொன்னாளா?"

"அத்தை வாயே திறக்கலை. நீங்கதான் காட்டிக் குடுத்தீங்க. மார்கழியில இருந்து தினமும், 'உங்க அத்தைக்கு மூட்டுவலி, வெந்நீர் போடு'ங்கீங்க. அத்தை விடியுமுன்னே பச்சைத் தண்ணியில குளிச்சு முடிச்சிருதாங்க. அப்ப அந்த வெந்நீர் யாருக்கு? டாக்டர்ட்ட நானே போய்க் கேட்டேன்."

அவர் மெதுவா ஜீப்பை விட்டு இறங்கினார்.

"இன்னைக்கு நான் நனையாமத் திரும்பினா, நாளையில இருந்து என்னை மூலையில உட்கார வச்சிருவானுவ. அருவியில விழுந்து செத்தாலும் பரவாயில்லைன்னுதான் எந்திரிச்சேன்."

"தெரியும் மாமா. அதுக்குத்தான் இது. நில்லுங்க, தண்ணி பதமா இருக்கு."

ஷவர் சரியா அந்த ஆறடி மனுசர் தலைக்கு மேல நின்னுது. டேங்க் காலியாகிற வரைக்கும் அவர் படுதாவை விட்டு வெளிய வரலை.

தோப்புல நெல்லையப்பன் காத்துக்கிட்டு இருந்தார்.

"என்ன அண்ணாச்சி, அதுக்குள்ள வந்துட்டே? அருவியை எட்டிப் பார்த்துட்டுத் திரும்பிட்டியோ?"

அண்ணாச்சி ஈரக் கையில எண்ணெயை ஊத்தித் தம்பி உச்சியில வச்சு ஒரு அழுத்து அழுத்தினார்.

"யம்மா!" நெல்லையப்பன் துள்ளினார். "ஐஸ்கட்டி மாதிரில்லா இருக்கு கை! தண்ணி நல்லாத்தான் விழுது போல." அப்படியே ஸ்ரீமதி பக்கம் திரும்பினார். "வெந்நீர்ல குளிக்கிறவளுக்கு இந்தச் சுகம் எங்க தெரியப் போவுது?"

"எனக்கு ஆகாது சின்ன மாமா"ன்னு ஸ்ரீமதியும் சிரிச்சா.

அவ கையும் அப்ப விறைச்சுத்தான் கிடந்தது. ஓடைக்கரையை விட்டுக் கிளம்புமுன்னே, அண்ணாச்சி உடம்புல ஆவி பறக்கிறதைப் பார்த்துட்டு, துண்டை ஓடையில முக்கி அவர் தோள்ல போட்டு, அவர் ரெண்டு கையையும் தன் கையோட சேர்த்து அந்தத் தண்ணிக்குள்ளயே பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா, சூடு அடங்குற வரைக்கும்.