யாரை வரைந்தாலும்

"கண்ணிலிருந்து தொடங்கட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"எங்கேருந்து வேணும்னாலும் தொடங்கும்மா. முகம் வந்தாச் சரி" என்றார் அதிகாரி.

மேசையில் ஒரு வெள்ளைத்தாள், இரண்டு பென்சில், ஒரு ரப்பர். பென்சிலை அவர்களே சீவி வைத்திருந்தார்கள். கூர் அதிகம். டீச்சர் பார்த்திருந்தால் திட்டியிருப்பார்.

டீச்சரின் முகத்தைத்தான் வரையச் சொல்லியிருந்தார்கள்.

அவர்களிடம் ஒரு போட்டோகூட இல்லை. ஊரில் பாதிப் பெரிய மனிதர்களின் வீட்டுக்கூடத்தில் டீச்சர் வரைந்த உருவப்படம் தொங்குகிறது. டீச்சரின் முகம் எந்தச் சுவரிலும் இல்லை.

ஆலை வாசலில் துப்பாக்கிச் சூடு நடந்த மறுவாரம், செத்துப்போன பதினொரு பேரையும் அவர் கரியால் வரைந்தார். அந்தப் பெரிய மனிதர்கள் வீட்டு மதில்களிலேயே ஒட்டினார்.

அதற்கடுத்த வாரம் நான் மாலை வகுப்புக்குப் போனபோது கதவு திறந்து கிடந்தது. தூரிகைகள் கழுவி ஜாடியில் நின்றன. ஆள் இல்லை. கரும்பலகையில் ஒரே வரி: இனி எனக்கு வரைய நேரமில்லை.

ஆறு மாதம் கழித்து ஊர் அவர் பெயரைத் துப்பாக்கியோடு சேர்த்துச் சொன்னது.

கண்ட இடத்தில் சுட உத்தரவு வந்துவிட்டது. வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது இரண்டு காவலர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

பெஞ்சிலேயே முடிவு செய்துவிட்டேன். தப்பான முகத்தை வரைய வேண்டும்.

நான் எதையும் வரிசையாகச் செய்கிறவள். தேதி போடாமல் நோட்டில் கோடு இழுக்க மாட்டேன். இதையும் அப்படித்தான் செய்தேன். டீச்சருக்கு நீள முகம், வட்டமாக்கினேன். மெல்லிய உதடு, தடிப்பாக்கினேன். ஒட்டிய காது மடல், தொங்கவிட்டேன். ஒவ்வொன்று முடிந்ததும் மனசுக்குள் ஒரு டிக்.

ஒரே பயம், என் கைமேல் இருந்த பயம்தான். சரியாக வரைவதே எனக்கு வராது. தப்பாக வரைவதாவது ஒழுங்காக வருமா?

எனக்குச் சாயல் பிடிபடாது என்பது வகுப்புக்கே தெரியும். பேப்பர் போடுகிறவரை உட்கார வைத்தாலும், மருந்துக்கடைப் பெண்ணை உட்கார வைத்தாலும், என் தாளில் வேறு யாரோ வந்து நிற்பார்கள். ஒருநாள் டீச்சர் என் ஐந்து படங்களைத் தரையில் பரப்பினார்.

"யாருடி இவ? யாரை உக்கார வெச்சாலும் இவளே வந்து உக்கார்றா!"

வகுப்பே சிரித்தது. எனக்கும் தெரியவில்லை.

"எதிர்ல இருக்கிறவங்களைப் பார்க்காம வரைஞ்சா, கை தனக்குப் பழகின முகத்தைத்தான் போடும்" என்றார். அதையும் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.

இன்று எதிரில் யாரும் இல்லை.

ஆனால் பென்சில் நின்று யோசிக்கவேயில்லை. வழுக்கிக்கொண்டு போயிற்று. வகுப்பில் சேர்ந்ததிலிருந்து முதல் முறையாக நான் ரப்பரைத் தொடவில்லை. கடைசியில், இது போதாதென்று, இடது புருவத்தைக் குறுக்கே வெட்டி ஒரு தழும்பு போட்டேன். டீச்சருக்குத் தழும்பே கிடையாது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

அதிகாரி தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"அடேயப்பா! ஆளு உயிரோட முழிக்குதே. உங்க டீச்சர் வேற எதைக் கெடுத்தாங்களோ, இதை நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க."

ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்து இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடுத்த அறையிலிருந்து ரப்பர் மாமாவைக் கூட்டி வந்தார்கள். எங்கள் வகுப்பில் படித்தவர், ஓய்வுபெற்ற தபால்காரர். வரைவதைவிட அழிப்பது அதிகம் என்பதால் அந்தப் பெயர். டீச்சர் முகம் அவருக்கும் நன்றாகத் தெரியும். அவர் தலையாட்டினால் டீச்சர் பிழைப்பார். இல்லையென்றால் நானும் தொலைந்தேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அச்சு அசல் அவங்களேதான் சார். அந்தத் தழும்பு உட்பட."

"அப்போ சரி. இன்னைக்கே அச்சுக்குப் போகுது" என்றார் அதிகாரி. "விடிஞ்சா ஊர்ல ஒரு பஸ் ஸ்டாண்டு பாக்கி இருக்காது."

படியிறங்கும்போது ரப்பர் மாமா என் கையை ஒருமுறை அழுத்தினார்.

வெயில் தாழ்ந்திருந்தது. வீடுவரை நடந்தேன். நெஞ்சு லேசாக இருந்தது. அந்த முகத்தோடு உலகத்தில் யாருமே இல்லை என்று இரண்டு முறை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அக்கா கதவைத் திறந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை முடிந்து வந்து அப்போதுதான் குளித்திருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

"எங்கடி போய்த் தொலைஞ்சே? வா, சாப்பிடு. காலையில எனக்கு முதல் பஸ்."

விளக்கடியில் போய் நின்று ஈரத் தலைமுடியை மேலே தூக்கித் துண்டால் கட்டினாள்.

வட்ட முகம். தடித்த உதடு. தொங்கும் காது மடல்.

இடது புருவத்தின் குறுக்கே அந்த வெட்டு. தினமும் பார்த்துப் பார்த்து, அதைப் பார்ப்பதையே எப்போதோ விட்டிருந்தேன்.

ஏழு வயதில் சிலேட்டை எறிந்தது நான்தான்.