பூங்காவனத்தின் வேர்த்தண்ணீர்

தோல் தொழிற்சாலைக் கழிவு பூங்காவனத்தின் நிலத்தில் பாய்ந்தபோது, "விஷ மண்ணுல வெளைஞ்சத எவன் துன்னுவான்?" என்று முதலில் கேட்டவர் பக்கத்து நிலத்துக்காரர் தணிகாசலம்.

அந்த மண்ணிலேயே தாக்குப்பிடித்த அவள் கேழ்வரகின் வேர்கள் கசியவிடும் நீரைத்தான் இன்று ஊரே உறைமோர் போல வாங்கிப்போகிறது. நாற்றுக்கு ஊற்றினால் அதன் வேரும் விஷத்தைத் தாங்கக் கற்றுக்கொள்ளும்.

விளக்கு வைத்த பிறகு தணிகாசலம் சொம்போடு வந்து நின்றார். "கழிவு என் கொல்லைக்கும் வந்துடுச்சும்மா. நாத்தெல்லாம் கருகுது."

"விளக்கு வெச்சப்புறம் உறை குடுக்கக் கூடாதே அத்தை," என்றாள் மருமகள்.

"அது பாலுக்கு."

பூங்காவனம் சொம்பை வாங்கித் தளும்பத் தளும்ப நிறைத்துக் கொடுத்தாள்.

"விஷ மண்ணுல வெளைஞ்சதுதாண்ணா இது. நம்பி ஊத்துங்க."