குண்டர்சன் அம்மாவின் முகம்

ஹால்வர் லீனின் அஞ்சலித் தாளிலும் அந்தப் பெண் வந்துவிட்டாள். இறந்துபோன கிழவரின் படத்துக்குக் கீழே, பாட்டு வரிகளுக்கு நடுவே, வெளிறிப்போன ஒரு முகம். தலையில் தொப்பி.

"பாத்தியா, டேரல்? இதோட மூணாவது சாவு" என்றார் ஆர்லன்.

அயோவாவின் அந்தச் சின்ன ஊரில் முப்பது வருடமாக இறுதிச் சடங்கு நடத்தித் தருகிறவர் அவர். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாக சாண்ட்விச் சாப்பிடுகிற மனிதர். ஒரு வாரமாக அவருக்குத் தூக்கம் இல்லை.

பிரிண்டர் பழுது பார்க்க வந்த டேரல், தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். வெளியே காலையிலிருந்தே ஜனவரிப் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"யாருன்னு எனக்குத் தெரியும். குண்டர்சன் அம்மா." ஆர்லன் குரலைத் தாழ்த்தினார். "எப்பவும் மேரன்தான் இதெல்லாம் அடிப்பா. அக்டோபர்ல அவ அக்கா வீட்டுல ஒரு வாரம் தங்கிட்டா. அந்தம்மாவோட தாளை நானே அடிச்சேன். வயசுல ஆறு கூட்டிப் போட்டுட்டேன். உசிரோட இருக்கும்போதே வயசு கேட்டா கடிச்சுக் குதறுற பொம்பளை. சும்மா விடுவாளா?"

காபியோடு உள்ளே வந்த அவர் மனைவி மேரன் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். கோப்பையை வைக்கும்போது அவள் விரலிலிருந்து கல்யாண மோதிரம் கழன்று மேசையில் உருண்டது. நூல் சுற்றிய மோதிரம். சட்டென்று எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"உனக்குக் கிறுக்குதான் பிடிச்சிருக்கு, ஆர்லன். மிஷின் கெட்டுப்போனா மாத்துவாங்களா, மந்திரிப்பாங்களா? டேரல், நீ பேசாம அந்த உருளையை மாத்திட்டுக் கிளம்பு. ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம்."

"சிரி, நல்லாச் சிரி. ரெண்டு மணிக்கு லீன் குடும்பம் மொத்தமும் வந்து உக்காரும். அந்த முகம் மட்டும் இன்னொரு தாள்ல வந்துச்சு, சத்தியமா இந்தக் கடையை இழுத்துப் பூட்டிட்டுப் போயிடுவேன்."

விளையாட்டுக்குச் சொல்கிற முகமாக இல்லை. டேரல் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தான். அந்த முகம் ஒரே தாளில் மூன்று தடவை, மேலிருந்து கீழாக வந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் இடையே மூன்றே முக்கால் அங்குலம், பிசகாமல்.

"பேய் இப்படி அளவெடுத்து வராது, ஆர்லன்." அவன் மூடியைத் திறந்து உள்ளே பளபளத்த பச்சை உருளையைக் காட்டினான். "இதான் டிரம். லேசர் வெளிச்சம் இது மேல படத்தை வரையும். வரைஞ்ச இடத்துல மைத்தூள் ஒட்டும். தாள் அதை வாங்கிக்கும், சூட்டுல உருகிப் பிடிச்சுக்கும். அதோட டிரம் அந்தப் படத்தை மறந்துடணும். ஆனா ஒரே படத்தை விடாம நூத்துக்கணக்குல அடிச்சா, பழைய டிரம் மறக்காது. ஒவ்வொரு சுத்துக்கும் அதையே கக்கும்."

"அப்போ அது யாரோட படம்?"

"பக்கம் முழுக்கச் சாம்பல் கலர்ல ஒண்ணு அடிச்சா தெளிவாத் தெரிஞ்சுடும். யாருன்னு காட்டிட்டுதான் கிளம்புவேன்."

"குண்டர்சன் அம்மாதான். வேணும்னா பந்தயம் கட்டு."

வாசலில் பூக்கடை வண்டி ஹாரன் அடித்தது. ஆர்லன் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார். மேரன் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டேரல் பொத்தானை அழுத்திவிட்டான்.

தாள் சூடாக வெளியே வந்தது. பந்தயத்தில் ஜெயித்தவன் போல அதை எடுத்துப் பார்த்த டேரல், அப்படியே நின்றுவிட்டான்.

வைக்கோல் தொப்பி. ஏதோ ஒரு கோடையில் எடுத்த சிரிப்பு. அதன் கீழே மங்கலாக, ஆனால் படிக்கிற மாதிரி, ஒரு பெயர்: மேரன் டோஸ்ட்ருட். பெயருக்குக் கீழே, பிறந்த வருடமும் இறந்த வருடமும். இரண்டாவது, இந்த வருடம்.

மேரன் அவன் கையிலிருந்து தாளை வாங்கி, நான்காக மடித்து, ஏப்ரன் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"அக்டோபர்ல நான் போனது அக்கா வீட்டுக்கு இல்ல" என்றாள். "பனி உருகுற வரைக்கும்தான்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. ஆர்லன்கிட்ட இன்னும் சொல்லலை. முந்நூறு தாள் அடிச்சு அலமாரியில வெச்சிருக்கேன். ஊர்ல எல்லாருக்கும் நான் அடிச்சாச்சு. என்னோடதை மட்டும் அவன் உக்காந்து அடிக்கணுமா, டேரல்?"

டேரல் பிரிண்டர் மூடியைத் திறந்தான்.

"அதுவும் இல்லாம, என் வயசையும் கூட்டிடுவான்" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

டேரல் பழைய டிரம்மைக் கழற்றிப் பைக்குள் போட்டான். புதிதை மாட்டி, லீன் கிழவரின் தாளை அடித்துப் பார்த்தான். சுத்தமாக வந்தது.

கை நிறைய வெள்ளைப் பூக்களோடு, பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டே ஆர்லன் உள்ளே வந்தார். "என்னப்பா, தெரிஞ்சுதா? யாரு அது?"

மேரன் காபிக் கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

டேரல் பையை மூடினான்.

"நீங்க சொன்னதுதான் சரி, ஆர்லன். குண்டர்சன் அம்மாவேதான்."