குலுங்காம நிக்கணும்

"முன் பிரேக் பிடிச்சா, பிடிச்சதே தெரியக் கூடாது. அவ்வளவுதாம்மா எனக்கு வேணும்."

சொன்னவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பளபளவென்று துடைத்த ஷூ. அவர் ஊரின் மறுகோடியிலிருந்து ஓட்டிவந்து நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளுக்கு அவரைவிட ஒன்றிரண்டு வயது கூடவே இருக்கும். ஆனால் அதன் கறுப்பு டாங்க்கில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம்.

மெக்கானிக் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அவரைக் கை பிரேக்கை மெல்ல அழுத்தச் சொன்னாள். மெல்லத்தான் அழுத்தினார். சக்கரம் கபக்கென்று நின்றது.

"உள்ளே ரெண்டு பிரேக் ஷூவுல ஒண்ணு முந்திக்கிட்டுக் கடிக்குது, இன்னொண்ணு தூங்குது. அந்தக் காலத்து அமைப்பே அப்படித்தான் ஐயா. எவ்வளவு வேகத்துல போவீங்க?"

"இருபதைத் தாண்ட மாட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருபதுக்கு இந்த பிரேக்கே தாராளமாச்சே!"

"நிக்கிறதுக்குத் தாராளம். குலுங்காம நிக்கிறதுக்குப் பத்தாது. இது பக்கத்துல சைடுகார் வச்ச வண்டிம்மா. அதை மட்டும் கழட்டி வீட்டு ஷெட்டுல விட்டுட்டு வந்திருக்கேன். முப்பத்திரண்டு வருஷமா அதுல ஆளுங்களை ஏத்திட்டுப் போறதுதான் என் தொழில்."

"குலுங்குதுன்னு யாராவது குறை சொன்னாங்களா?"

"ஒருத்தரும் வாயைத் திறந்ததில்லை. அதனாலதான் நானே பார்த்து ஓட்ட வேண்டியிருக்கு."

"அப்புறம் இப்ப என்ன திடீர்னு?"

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "இத்தனை வருஷத்துல என் வீட்டுக்காரி மட்டும் அதுல ஏறினதே இல்லை. ஷெட் பக்கம்கூட எட்டிப் பார்க்க மாட்டா. போன வாரம் அவளே கூப்பிட்டு, 'நான் உங்க வண்டியிலதான் போவேன், வேற எவன் வண்டியிலயும் ஏற மாட்டேன்'னு சொல்லிட்டா."

மெக்கானிக்கின் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் வீட்டுக்காரர் ஒருமுறை ஸ்கூட்டரிலிருந்து அவள் நடுத்தெருவில் இறங்கிவிட்டதே தெரியாமல் கறிகாய்க் கடைவரை பேசிக்கொண்டே போனவர். இந்த மனுஷனோ மனைவிக்குக் குலுங்கக் கூடாதென்று பிரேக்கையே மாற்ற வந்திருக்கிறார்!

நான்கு நாள் வேலை. முன் சக்கரத்து பிரேக் டிரம்மை லேத்தில் கொடுத்து வட்டம் பிசகாமல் கடைந்து வாங்கினாள். ஷூக்களைத் தாங்கும் பழைய பிளேட்டைத் தூக்கிவிட்டு, இரண்டு ஷூவும் ஒருசேரத் தொடுகிற மாதிரி வேறொன்றைப் பொருத்தினாள். ஷூக்களின் முனையைச் சரிவாக அராவினாள். போதுமென்று தோன்றிய பிறகும் மறுபடி கழற்றி அராவினாள். அவர் தினமும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் காலை, "பின்னாடி ஏறிக்கோம்மா" என்றார். அவள் கையில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரைக் கொடுத்தார்.

"ஐயா, என் மேல ஊத்திக்கவா?"

"பார்ப்போமே."

வண்டி காலி மைதானத்தைச் சுற்றி வந்தது. கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தப் போவதாகச் சொன்னார். அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது நிறுத்துவார் என்று கேட்க நிமிர்ந்தபோது, கம்பம் பக்கத்தில் அசையாமல் இருந்தது. வண்டி நின்று எவ்வளவு நேரமாயிற்றோ! ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

இருபது வருஷமாக வண்டிகளோடு புழங்குகிறவள் அவள். பிரேக் அவள் போட்டதுதான். ஆனால் அந்த விரல்கள்! "ஐயா, இது ஓட்டுறது இல்லை. வேற என்னமோ" என்றாள்.

அவருடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன, இன்னுமா ஆகலை? நான் ரெடியாகி உக்காந்திருக்கேன், உங்க வண்டி ரெடியாகலையே!" பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கினாலும் குரலில் சிரிப்பு இருந்தது. "பக்கத்துல மெக்கானிக்கா? ஏம்மா, இந்த மனுஷன் நாப்பது வருஷமா என்னைக் குலுக்கி எடுத்தது போதும். வண்டியிலயாவது குலுக்காம பார்த்துக்கோ. நீலப் புடவை எடுத்து வச்சிருக்கேன், கசங்கக் கூடாது!"

"கசங்காதும்மா, நான் கேரண்டி!" என்று மெக்கானிக் கத்தினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு டாங்க்கைத் துடைத்தார்.

சைடுகாரைத் திரும்பப் பூட்டித் தருவதற்காக மத்தியானமே அவர் வீட்டுக்குப் போனாள். ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே ஒரு குச்சி உடம்பு சாய்ந்திருந்தது. கண்கள் மட்டும் பெரிதாகச் சிரித்தன.

"வா வா! பிரேக்கைப் பத்திப் புகழ்ந்து தள்ளிட்டாரு. நீயும் போய் வண்டியைப் பாரு. முப்பத்திரண்டு வருஷமா கோபம் அது மேல. இப்பதான் ராசியாயிட்டோம்."

என்ன ஒரு தம்பதி என்று வியந்துகொண்டே ஸ்பானர் பையோடு ஷெட்டுக்குள் நுழைந்தாள் மெக்கானிக். அவர் சைடுகாரின் மேலிருந்த துணியை மெதுவாக, ஒரு மடிப்பும் கலையாமல் விலக்கினார்.

அதில் உட்கார இருக்கையே இல்லை. ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, அதன் பக்கவாட்டில் பளிச்சென்ற வெள்ளை எழுத்தில் இரண்டே வார்த்தைகள்: அமரர் ஊர்தி.