கழுத்தில் கட்டிய சுவெற்றர்

மனித குலத்தின் வீழ்ச்சி, சுவெற்றரை உடம்பில் போடாமல் கழுத்தில் கட்டிய முதல் மனிதனோடு தொடங்கியது. ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகர ட்ராமுக்குள் வைத்துக் கவிஷன் இதை அறிவித்தபோது, அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

அந்த முதல் மனிதனின் வாரிசு ஒருவன் எதிர் இருக்கையில் இருந்தான். சட்டைக் காலர் நிமிர்ந்து நின்றது. இளஞ்சிவப்புச் சுவெற்றரின் கைகள் நெஞ்சில் முடிச்சுப் போட்டிருந்தன. காலில் பாய்மரப் படகுக்காரர் போடுகிற சப்பாத்து, காலுறை இல்லை.

"பீலெஃபெல்டிலை கடல் எங்கை கிடக்கு? உவர் எந்தத் துறைமுகத்துக்குப் போறார்?"

"மெல்லக் கதையும். உமக்குப் பொறாமை," என்றாள் ஆதிரை.

"ஆரிலை? காலுறை வாங்க வழியில்லாதவனிலையோ?"

எதிர் இருக்கைக்குப் பின்னால் ஒரு மூதாட்டி வந்து நின்றாள். அந்த இளைஞன் முழு உடம்போடும் திரும்பிப் பார்த்து, எழும்பி இடம் கொடுத்தான்.

"பாத்தீரோ? உவங்களுக்குக் கழுத்துத் தனியத் திரும்பாது. உடம்போடைதான் திரும்புவாங்கள். பரம்பரைத் திமிர். எழும்பினது கிழவிக்காக இல்லை, சப்பாத்தை எல்லாரும் பாக்க."

ஆதிரை சிரிக்கவில்லை. இன்றுதான் முதன்முதலாக அவனை வீட்டுக்குக் கூட்டிப் போகிறாள். அவளுடைய அப்பா விஜயரத்தினம் வரி ஆலோசகர். அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சொந்தப் படகு இருந்தது. கலியாணத்துக்கு அவர் ஓம் என்றால்தான் ஓம்.

"அப்பா ஒருக்காத்தான் பாப்பார். பிடிக்கேல்லையெண்டால் பிறகு கதையே இல்லை. ஒரு நல்ல சேட் என்ர பைக்குள்ளை இருக்கு. மாத்துமன்."

கவிஷன் தன் கறுப்பு ஹூடியை இழுத்துவிட்டுக்கொண்டான். அதன் முதுகில் 'முதலாளிகளே, நடந்து போங்கள்' என்று ஜேர்மன் மொழியில் பெரிதாக எழுதியிருந்தது.

"ஆதிரை, உம்மிலை எனக்கு விருப்பம்தான். ஆனால் கொள்கை எண்டு ஒண்டு இருக்கு. ஆருக்காகவும் நான் வேசம் போட ஏலாது."

கதவைத் திறந்த விஜயரத்தினத்தின் கழுத்தில் சுவெற்றர் இருந்தது.

கடல்நீலம். கைகள் நெஞ்சில் முடிச்சு. உள்ளே போலோ சட்டை, அதன் காலர் காதுவரை நிமிர்ந்திருந்தது. "வாங்கோ தம்பி," என்றார். தலை அசையவில்லை.

ஆதிரை அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து, செருப்பைக் கழற்றியதும் குசினிக்குள் அம்மா புஸ்பவதியிடம் ஓடிவிட்டாள். கவிஷன் தனியே அகப்பட்டுக்கொண்டான்.

விஜயரத்தினம் சோபாவின் நுனியில் தாடையை உயர்த்தியபடி இருந்தார். தொலைபேசி மணி அடித்தபோது முழு உடம்போடும் அந்தப் பக்கம் திரும்பினார். அவரிடமிருந்து கற்பூரமும் கறுவாவும் கலந்த காரமான வாசம் வீசியது. நம்மைப் போன்றவர்கள் நுழையும் கடைகளில் இந்த வாசனைத் திரவியம் கிடைக்காது என்று கவிஷன் முடிவுகட்டினான்.

"தம்பி என்ன படிக்கிறியள்?"

"சமூகவியல், அங்கிள்."

அவர் முகம் சுருங்கியது.

"முடிச்சாப் பிறகு என்ன யோசினை?"

"சமத்துவமான ஒரு உலகம், அங்கிள்."

அவர் கண்களை மூடி, "ஐயோ," என்று மெல்ல முனகினார்.

பிறகு கதையே இல்லை. ஆதிரை சொன்னது அவன் காதுக்குள் கேட்டது. குசினியில் வடை பொரிகிற சத்தம் வந்தது. தனக்கு அது கிடைக்குமா என்பதே இப்போது நிச்சயமில்லை.

கவிஷன் சத்தமில்லாமல் ஹூடியைக் கழற்றினான். முதலாளிகளை நடக்கச் சொன்ன வசனம் உள்ளே போகும்படி மடித்தான். முதுகில் போட்டு, கைகள் இரண்டையும் முன்னால் கொண்டுவந்து நெஞ்சில் முடிச்சுப் போட்டான். உள்ளே போட்டிருந்த பெனியனுக்குக் காலர் இல்லை. இருந்திருந்தால் அதையும் நிமிர்த்தியிருப்பான். தாடையை மட்டும் உயர்த்திக்கொண்டான்.

விஜயரத்தினம் உடம்போடு அவன் பக்கம் திரும்பினார். முடிச்சைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகம் இளகியது. கவிஷனுக்குக் கலியாண மண்டபமே கண்ணில் தெரிந்தது.

அவர் குசினிப் பக்கம் குரல் கொடுத்தார்.

"புஸ்பவதி, அந்தத் தைலத்தைக் கொண்டு வாரும். தம்பிக்கும் கழுத்துப் பிடிச்சிட்டுது!"